மருந்தை வைத்துவிட்டு இலையைத் திருப்புங்கள்

சென்ற இதழில் நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றி இரண்டு பத்தி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே உரமும் நாற்றும் மண்புழுவும் ஒரு மாதம் காத்திருக்கட்டும். பூச்சியைத் தின்னும் பூச்சிகளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வாசகி, திருமங்கலம்: அம்மா, வாசலில் இருக்கும் அடுக்குச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. சோப்புத் தண்ணீர் அடித்தேன். இப்போது அதைவிடப் பெரிதாக, வெள்ளை முடியைச் சிலிர்த்துக்கொண்டு வேகமாக ஓடும் ஒரு வகையும் வந்துவிட்டது. அவற்றைக் குச்சியால் எடுத்து நசுக்கிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?

முதலில் குச்சியைக் கீழே போடுங்கள்.

மாவுப்பூச்சி ஓடாது. பிறந்த புதிதில் கொஞ்சம் நகரும்; நல்ல இடம் கிடைத்ததும் வாயைச் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். நீங்கள் பார்த்தது ஓடுகிறது என்றால், இரையைத் தேடி ஓடுகிறது என்று பொருள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. உடலெங்கும் மெழுகு இழைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளரும். தான் தின்னும் பூச்சியின் வேடத்திலேயே அந்தக் கூட்டத்துக்குள் நடமாடும். மாவுப்பூச்சியின் வெள்ளை முட்டைப் பையைக் கிழித்து, தலையை முழுவதும் உள்ளே விட்டு, முட்டைகளைத் தின்றுகொண்டே போவதை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு நசுக்க மனம் வராது.

இது வளர்ந்து வண்டானால் மிளகளவு இருக்கும். முதுகு கரும்பழுப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறம், புள்ளி ஏதும் கிடையாது. புள்ளி இல்லாததால் பொறிவண்டு என்றே பலர் நம்புவதில்லை. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. காபித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சியை ஒழிப்பதற்காக 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த வேலையில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் தென்னிந்தியாவின் மாவுப்பூச்சிகள் வாய்க்குப் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டது. அரசு உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் இன்றும் இதைப் பரங்கிக்காய் மேல் மாவுப்பூச்சி வளர்த்து, அதை ஊட்டிப் பெருக்குகிறார்கள். உங்கள் வீட்டுக்கு அது தானாகவே வந்திருக்கிறது. ஒரு பைசா செலவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது எறும்பைத் தடுப்பதுதான். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். பொறிவண்டுப் புழுவைக் கடித்துத் துரத்தும். செம்பருத்தியின் அடித்தண்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டை இல்லாமல் தண்டின் மேலேயே தடவிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். சுவரையோ கொடிக்கம்பியையோ தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் எறும்பு அந்த வழியாக வரும். மிகவும் சுருண்டுபோன நுனிகளையும் வெட்டலாம். வெட்டியதை உடனே எரிக்காமல் ஒரு வாளியில் போட்டு, ஒரு நாள் அதே செடியின் கிளையில் தொங்கவிடுங்கள். ஓடத் தெரிந்தவை மறுபடி ஏறிக்கொள்ளும்.

பள்ளி ஆசிரியர், கும்பகோணம்: பொறிவண்டு நல்லது என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி விட்டுவைத்தேன். என் கத்தரிச் செடி முழுவதையும் சல்லடையாக்கிவிட்டது. இதற்கு என்ன பதில்?

வழக்கில் எதிரி வேறு ஆள், ஐயா. கத்தரியைத் தின்றது புள்ளி வண்டு. எபிலாக்னா என்றும் சொல்வோம். அதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான். அந்தக் குடும்பத்தில் சைவம் பிடித்த கிளை. கத்தரி, பாகல் போன்றவற்றின் இலையில் நரம்பை விட்டுவிட்டுப் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. நல்ல பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். நம் ஊரில் அதிகம் காணப்படும் வகைக்கு ஆரஞ்சு நிற முதுகில் வளைந்து வளைந்து போகும் கறுப்புக் கோடுகள் இருக்கும். புள்ளி வண்டு செம்புநிறம். முதுகில் நுண்ணிய ரோமம் இருப்பதால் மங்கலாகத் தெரியும். இறக்கைக்கு 14 வீதம் மொத்தம் 28 புள்ளிகள். புழுவில் வேறுபாடு இன்னும் தெளிவு. புள்ளி வண்டின் புழு மஞ்சளாக, குட்டையாக, உடலெங்கும் கிளைவிட்ட முள்ளோடு அசையாமல் கிடக்கும். நல்ல பொறிவண்டின் புழு சாம்பல் கறுப்பில் நீளமாக, ஆறு கால்களால் சுறுசுறுப்பாக நடக்கும்.

அந்த மஞ்சள் புழுக்களைக் கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் போடுங்கள். மஞ்சள் முட்டைக் கொத்துகளைப் பார்த்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். இரண்டு வகையும் மஞ்சளாகத்தான் முட்டையிடும். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினி என்ற சிறு பூச்சியின் கூட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். அசுவினியே இல்லாத கத்தரி இலையில் இருந்தால் நசுக்குங்கள். இன்னொன்று: சில புழுக்கள் பழுப்பாக உப்பி, இலையோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். அவற்றையும் தொட வேண்டாம். ஒரு சிறு குளவி அவற்றுக்குள் முட்டையிட்டு, உள்ளே குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நாலு நாளில் அந்தத் தோலைத் துளைத்து வெளியே வந்து மிச்சப் புழுக்களைக் கவனித்துக்கொள்ளும்.

மாடித்தோட்டக்காரர், வேளச்சேரி, சென்னை: என் மாடியில் நாற்பது பைகளில் காய்கறி இருக்கிறது. டிரைக்கோகிரம்மா அட்டையும், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையும் வாங்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை தேவைப்படும்?

எதுவும் தேவைப்படாது, தம்பி.

டிரைக்கோகிரம்மா என்பது அரை மில்லிமீட்டர் அளவே உள்ள குளவி. அந்துப்பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும். புழு வெளிவராது, குளவிதான் வெளிவரும். ஆய்வகத்தில் நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றுக்குள் இந்தக் குளவியை வளர்த்துத் தருகிறார்கள். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) அட்டையில் கிட்டத்தட்ட இருபதாயிரம் முட்டைகள். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கும், ஏக்கர் கணக்கில் போட்ட கத்தரியில் காய்ப்புழுவுக்கும் அருமையான கருவி. நாற்பது பைக்கு இருபதாயிரம் குளவியை விட்டால் அவை முட்டையிட இடமெங்கே? சில நாள் ஆயுளுக்குள் பறந்துவிடும், அல்லது சாகும். மொட்டை மாடியின் காற்றும் வெயிலும் அந்த உடம்புக்குத் தாங்காது.

வயல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்டையே வீண் என்று நினைக்க வேண்டாம். அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வெயில் ஏறும் முன்போ மாலையிலோ இலையின் அடிப்புறத்தில் ஸ்டேப்ளர் போட்டுப் பொருத்துங்கள். நிலத்தில் வீசினால் எறும்புக்கு விருந்து. விடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் எந்த மருந்தும் கூடாது. அந்துப்பூச்சி முட்டையிடும் காலத்தில் விட வேண்டும். காய்க்குள் புழு நுழைந்த பிறகு அட்டை கட்டிப் பயனில்லை.

மாடிக்கு வருவோம். வாங்கும் பணத்தில் ஒரு பை தட்டைப்பயறு போடுங்கள். அதன் பூங்கொத்தில் கறுப்பு அசுவினி நிச்சயம் வரும். அது அவரை, மொச்சை போன்ற பயறு இனங்களில்தான் பெரும்பாலும் தங்கும். உங்கள் கத்தரியையும் தக்காளியையும் அதிகம் சீண்டாது. அதைத் தின்ன வரும் பொறிவண்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எல்லாப் பைக்கும் போகும். தட்டைப்பயறில் அசுவினி வந்துவிட்டது என்று அதன் மேல் எதையும் தெளித்துவிடாதீர்கள். அதற்காகத்தான் அதை வைத்தோம்.

அடுத்து, இரண்டு பை கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். சோம்பும் சதகுப்பையும் இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் குடும்பத்துப் பூக்களில் தேன் ஆழத்தில் இல்லை, மேலாகவே இருக்கும். ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும், அசுவினி தின்னும் புழுவை ஈனும் சிர்பிட் ஈக்களுக்கும் வாய் குட்டை. செம்பருத்திக்குள் அவற்றால் எட்ட முடியாது, கொத்தமல்லிப் பூவில் முடியும். தேன் குடித்த குளவி அதிக நாள் உயிரோடிருந்து அதிக முட்டையிடும். ஒரு தட்டில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் வையுங்கள். கொசு வராமலிருக்க இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஆறாவது மாடியாக இருந்தாலும் நல்ல பூச்சிகள் தேடி வரும். காற்று கொண்டுவந்து சேர்க்கும்.

ஏழாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்: எங்கள் வீட்டுச் சுவரில் குப்பை தானாக நடந்து போகிறது. ஊதினால் நின்றுவிடுகிறது. பிறகு மறுபடி நடக்கிறது. இது என்ன?

நல்ல கண் உனக்கு. ஒரு மெல்லிய குச்சியால் அந்தக் குப்பையை மெதுவாக நீக்கிப் பார். அடியில் ஒரு சிறு புழு இருக்கும். முகத்தில் முன்னோக்கி வளைந்த இரண்டு கூர்மையான கொடுக்குகள். அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. அதில் சில இனங்கள் தாங்கள் உறிஞ்சிப் போட்ட பூச்சிகளின் தோல், நூல், தூசி எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும். எறும்புக்கும் பறவைக்கும் ஏமாற்று வேலை. கொடுக்கு உள்ளே குழாயாக இருப்பதால் அசுவினியைக் குத்தித் தூக்கிப் பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு, தோலை முதுகில் போட்டுக்கொள்ளும். பார்த்து முடித்ததும் குப்பையைப் பக்கத்தில் வைத்துவிடு. அதுவே எடுத்து அடுக்கிக்கொள்ளும், அதையும் பார்.

உன் அம்மாவிடம் ஒன்று சொல். கறிவேப்பிலை இலைக்கு அடியில் மயிரிழை போன்ற காம்பின் நுனியில் கடுகைவிடச் சிறிய வெளிர்பச்சை முட்டை நின்றுகொண்டிருந்தால், அது பூஞ்சணம் இல்லை. இதே பூச்சியின் முட்டை. முதலில் பொரிக்கும் புழு பக்கத்து முட்டையைத் தின்றுவிடாமல் இருக்கத்தான் தாய் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காம்பில் வைக்கிறது என்பார்கள். துடைத்துவிட வேண்டாம்.

விவசாயி, உடுமலைப்பேட்டை: 2009, 2010 வாக்கில் எங்கள் மல்பெரியையும் பப்பாளியையும் மாவுப்பூச்சி மொத்தமாக அழித்தது. எத்தனையோ மருந்து அடித்தோம். பிறகு ஒரு நாள் அதுவே போய்விட்டது. மழையில் போனது என்கிறார்கள். உண்மையா?

மழைக்கு இந்தப் பெருமையைக் கொடுக்க மாட்டேன். 2008லும் மழை பெய்தது, 2009லும் பெய்தது. அது போகவில்லையே.

அப்போது நான் ஈரோடு மாவட்டத்தில் வேளாண் அலுவலராகப் பணியில் இருந்தேன். 2008 ஜூலையில் கோயம்புத்தூரில்தான் அந்தப் பப்பாளி மாவுப்பூச்சியை நாட்டில் முதலில் கண்டுபிடித்தார்கள். சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அது பெரிய தொல்லை இல்லை, அதைக் கட்டுக்குள் வைக்கும் குளவிகள் கூடவே வாழ்கின்றன. இங்கே அது தனியாக வந்துவிட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. மெழுகுப் பூச்சுக்குள் மருந்து இறங்கவில்லை. இறங்கும் அளவுக்கு அடித்தால் நம் பொறிவண்டுதான் முதலில் செத்தது. மல்பெரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம்: மருந்தடித்த இலையைப் போட்டால் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் இலையே இல்லை. சிலர் தோட்டத்தையே பிடுங்கி எறிந்தார்கள்.

2010இல், பெங்களூரில் இன்று தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் என்று அழைக்கப்படும் நிறுவனம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. மூன்றில் நன்றாகப் பிழைத்தது அசிரோபேகஸ் பப்பாயே. மஞ்சள் நிறம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி, குப்பிகளில் போட்டு மாவட்டந்தோறும் கொடுத்தது. கோபி பக்கம் ஒரு பெரியவரிடம் குப்பியைக் கொடுத்தபோது அவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மணி, என்னை ஏமாற்றுகிறீர்களா? இது வெறும் குப்பி" என்றார். லென்ஸைக் கொடுத்தேன். பார்த்தார். "இதுவா அதைக் கொல்லப்போகிறது?" என்று கேட்டு, மருந்துக் கடைக்கே போவதாகக் கிளம்பினார். அவரைத் தடுத்து, ஒரு மூலையிலாவது மருந்தில்லாமல் விடுங்கள் என்று கெஞ்சி வாங்கிய இடத்தில்தான் குப்பியைத் திறந்தோம்.

சில மாதங்களில் அந்த மூலைதான் முதலில் பச்சையானது. குளவி, மாவுப்பூச்சிக் குஞ்சின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளிருந்து தின்று வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டு வெளியேறும். ஓட்டையுள்ள வெற்று ஓடுகள் கொத்துக் கொத்தாக இலைநரம்பில் ஒட்டியிருக்கும். மழையில் செத்த பூச்சியில் அந்த ஓட்டை இருக்காது. பெரியவர் பிறகு வந்து இன்னும் இரண்டு குப்பி கேட்டார். கொடுக்கத் தேவையில்லாமல் போயிருந்தது, அது தானாகவே பரவிவிட்டது.

உள்ளூர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்பால்ஜிஸ் என்று ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. அதன் புழு இலை தின்னாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். புலால் உண்ணும் பட்டாம்பூச்சி! அதன் கூட்டுப்புழுவைத் தலைகீழாகப் பார்க்காமல் நேராகப் பார்த்தால் அச்சு அசல் குரங்கு முகம். உங்கள் பப்பாளித் தண்டில் தேடிப் பாருங்கள்.

சேலம், நாமக்கல் மரவள்ளிக்காரர்களுக்கும் ஒரு சேதி. 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு இங்கே பரவிய மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இதே வழிதான். ஆப்பிரிக்காவில் 1980களில் அதை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்ற குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். உங்கள் வட்டாரத்தில் கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள். வாங்கிய பிறகு பக்கத்து வயல்காரரையும் மருந்தை நிறுத்தச் சொல்லுங்கள். சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும்.

இல்லத்தரசி, காரைக்குடி: நான் ரசாயனம் தொடுவதே இல்லை. வாரம் தவறாமல் வேப்பெண்ணெயும், இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசலும் மாற்றி மாற்றித் தெளிக்கிறேன். இயற்கைதானே, நல்ல பூச்சிக்கு ஒன்றும் ஆகாதல்லவா?

ஆகும். மிளகாய்க் கரைசல் உங்கள் கண்ணில் தெறித்தால் எரிகிறது; பொறிவண்டுப் புழு மட்டும் எப்படித் தப்பும்? சோப்பு நீர் அசுவினியை எப்படிக் கொல்கிறதோ அப்படியே சிர்பிட் ஈயின் புழுவையும் கொல்லும். அது தோல் மெல்லிய, காலில்லாத, வெளிர்பச்சைப் புழு. அசுவினிக் கூட்டத்தின் நடுவிலேயே படுத்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் நீட்டி ஒவ்வொன்றாகத் தூக்கும். வேப்பெண்ணெயில் ஒரு நன்மை: அதன் கசப்புச் சத்து இலையைத் தின்னும் பூச்சியைத்தான் அதிகம் பாதிக்கும், உட்கார்ந்துவிட்டுப் போகிற குளவியை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் எண்ணெய் நேரடியாக மேலே விழுந்தால் எந்தச் சிறு பூச்சிக்கும் மூச்சடைக்கும்.

எனக்குக் கோபம் வருவது கரைசல் மீது இல்லை, "வாரம் தவறாமல்" என்ற வழக்கத்தின் மீதுதான். காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் மாத்திரை போடுவது போல இது. அசுவினி ஒரு வாரத்தில் பெருகிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டு அதன் பின்னால்தான் வரும், முட்டையிடும், புழுவாகும். இரை இல்லாத வீட்டுக்கு வேட்டைக்காரன் வரமாட்டான். நீங்கள் ஒவ்வொரு வாரமும் சரியாக அவன் வாசலுக்கு வரும் நேரத்தில் தெளித்துவிடுகிறீர்கள்.

இப்படிச் செய்யுங்கள். அசுவினியைப் பார்த்ததும் இலையைத் திருப்புங்கள். பொறிவண்டோ, அதன் புழுவோ, பழுப்பாக உப்பி அசையாதிருக்கும் அசுவினியோ தெரிகிறதா? பழுப்பாக உப்பியதற்குள் குளவி இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எட்டுப் பத்து நாள் பொறுங்கள். எதுவுமே இல்லை, நுனி சுருள்கிறது என்றால் முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கீழே விழுந்த அசுவினியில் பாதிக்கு மேல் திரும்ப ஏறாது. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு, மாலை நேரம், பாதித்த கிளைக்கு மட்டும்.

வாசகர், மன்னார்குடி: ஜன்னல் சட்டத்தில் குளவி மண்ணால் கூடு கட்டுகிறது. அடித்துவிடலாமா? புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்று என் பாட்டி சொல்வார்கள், அது உண்மையா?

பாட்டி பாதி பார்த்திருக்கிறார்கள். குளவி பச்சைப் புழுவைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டில் வைத்து அடைப்பதும், சில நாள் கழித்து அங்கிருந்து குளவி வெளிவருவதும் உண்மை. நடுவில் நடப்பதைத்தான் பக்திப் பேச்சாளர்கள் அழகாக மாற்றிவிட்டார்கள். கொட்டுவது மயக்குவதற்கு. புழு சாகாமல், அசையாமல் கிடக்கும். அதன் பக்கத்தில் குளவி முட்டையிட்டு மூடிவிடும். குஞ்சு பொரித்து அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. சில குளவிகள் புழுவுக்குப் பதிலாகச் சிலந்தியை நிரப்பும்.

மண்கூடு கட்டும் குளவி தனியாக வாழ்வது. வம்புக்குப் போகாமல் கொட்டாது. விட்டுவிடுங்கள், உங்கள் தோட்டத்துப் புழுக்களைத்தான் அள்ளிப் போகும். ஆனால் மரத்திலோ பரணிலோ பெரிய கூடு கட்டும் கதண்டு வேறு கதை. அது கூட்டமாக வந்து கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அதனிடம் இயற்கை விவசாயம் பேசாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

வாசகி, சிவகாசி: கும்பிடு பூச்சியைப் பிடித்து வந்து தோட்டத்தில் விட்டால் பலன் உண்டா?

அதற்கு நல்லது கெட்டது தெரியாது. கையில் கிடைத்தது புழுவானாலும் தேனீயானாலும் தின்னும், தன் இனத்தையும் தின்னும். தானாக வந்தால் இருக்கட்டும்.

தென்னந்தோப்பு உரிமையாளர், ஆனைமலை: ரூகோஸ் வெள்ளை ஈயால் ஓலையெல்லாம் கரி பூசியது போல் கறுத்துவிட்டது. பக்கத்துத் தோப்பில் மருந்து அடிக்கிறார்கள். நானும் அடிக்கட்டுமா?

வேண்டாம். 2016இல் உங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான் அது நம் நாட்டில் முதலில் தென்பட்டது. அதைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவியும் தோப்புகளில் இருக்கிறது. உங்கள் தோப்பில் உண்டா என்று நீங்களே பார்க்கலாம். அடிமட்டை ஒன்றை வெட்டி, ஓலையின் அடிப்புறத்தில் உள்ள வெற்றுக் கூடுகளை லென்ஸில் பாருங்கள். வெள்ளை ஈ வெளிவந்த கூட்டில் பிளவு 'டி' எழுத்து வடிவில் இருக்கும். குளவி வெளிவந்த கூட்டில் வட்ட ஓட்டை இருக்கும். வட்டம் அதிகமாக இருந்தால் உங்களுக்காக வேலை நடந்துகொண்டிருக்கிறது. வட்டமே இல்லை என்றால், வட்டம் உள்ள தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளை வாங்கி வந்து உங்கள் மரங்களில் கட்டுங்கள்.

கறுப்புக்குக் காரணம் ஈ கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா வீதம் பசையாகக் காய்ச்சி ஓலையில் தெளித்தால், வெயிலில் காய்ந்து உரிந்து கறுப்பையும் கொண்டுபோகும். மஞ்சள் ஒட்டும் அட்டைகளை மரத்தில் கட்டி வையுங்கள். பக்கத்துத் தோப்புக்காரரை ஒரு நாள் கூப்பிட்டு அந்த வட்ட ஓட்டையைக் காட்டுங்கள். நான் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

ஒரு தாய், நாகர்கோவில்: அமெரிக்காவில் என் மகன் கடையில் ஒரு டப்பா பொறிவண்டு வாங்கித் தோட்டத்தில் விட்டான். மறுநாள் ஒன்றையும் காணவில்லை. ஏன்?

அவை மலையில் குளிர்கால உறக்கத்தில் கூட்டமாக இருந்தபோது அள்ளி வந்தவையாக இருக்கும். விழித்ததும் இடம்பெயர்ந்து பறப்பதுதான் அவற்றின் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் மகன் செய்த உதவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விதை வாங்கச் சொல்லுங்கள். சோம்பு அங்கேயும் முளைக்கும். திரும்பி வரும்போது பெட்டியில் பொறிவண்டு கொண்டுவர வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். உயிருள்ள பூச்சியை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

பூச்சியின் பெயர் கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் எடுக்கும்போது இலையின் மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். எந்தச் செடி, எறும்பு இருந்ததா, கடைசியாக எப்போது என்ன தெளித்தீர்கள் என்பதைத் தவறாமல் எழுதுங்கள். உயிரோடு டப்பாவில் அடைத்துக் கூரியரில் அனுப்ப வேண்டாம். போன மாதம் வந்த ஒன்றை அலுவலகத்தில் திறந்தவர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.